மாமாவுக்கு வந்த வண்டி

தோட்டத்து லாரியின் பின்பலகை மாமாவின் நெஞ்சுயரம் இருக்கும். அதில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, பார்வை மங்கிய முகத்தை மேலே தூக்கி, உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குரலை வைத்தே கண்டுபிடிக்க முயல்வார். லாரி உறுமத் தொடங்கியதும் யாராவது அவர் கைகளை எடுத்துவிடுவார்கள். ரப்பர் ஷீட்டுக் கட்டுகளும் காவலுக்கு வரும் துப்பாக்கிக்காரர்களும் போக, அந்த லாரியில் இன்னும் ஆறு பேர் வசதியாக உட்காரலாம். எண்ணிப் பார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை.

மாமா என் தாயாருக்கு மூத்தவர். லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இளமையிலிருந்து மரம் சீவியவர். மனைவி இறந்துவிட்டார்; பிள்ளைகள் இல்லை. அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். வெள்ளைக்காரர் ஆட்சியில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில்தான் அவருக்கு இரண்டு கண்களிலும் புரை விழுந்தது. சீவும்போது கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கியது. மரத்தைக் காயப்படுத்துகிறார் என்று சொல்லி வேலையாட்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரசர் இரக்கமுள்ளவர். "சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாசத்துக்கு ஒரு நாள் கண் டாக்டர் வர்றாரு, பெருசு. கத்தி வச்சா பார்வை வந்துடும். ஆனா ரொம்ப முத்த விட்டுடாதீங்க. உள்ளுக்குள்ள வெடிச்சிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்று எச்சரித்தார்.

முள்கம்பி வேலி வருவதற்கு முன்பு இதெல்லாம் ஒரு விஷயமே அல்ல. என் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துப் பெரிய சாலைவரை கொண்டுபோய் பஸ் ஏற்றியிருப்பேன். காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை மூண்ட பிறகு, சிதறிக் கிடந்த லயங்களிலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, எல்லாரையும் பெயர்த்து ஒரே வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். சாலையில் ஒரு பஸ் எரிக்கப்பட்டது; அதற்குப் பின் எங்கள் பக்கம் எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. தோட்டப் பாதையில் காவல் இல்லாத வண்டி போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. துப்பாக்கிக்காரர்களோடு போகும் தோட்டத்து லாரி ஒன்றுதான் வழி. பட்டியலில் பெயர் இருந்து, நோய் என்று டிரசர் சீட்டுக் கொடுத்தால் அதில் ஏறலாம். வெளியாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தோட்டம் பொறுப்பேற்காதாம். வாழ்நாள் முழுவதும் அங்கே பால் எடுத்தவர் வெளியாள் ஆகிவிட்டார். கண் இல்லாததால் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் லாரி இல்லை. லாரி இல்லாததால் கண் இல்லை. இந்தக் கணக்கை நான் எந்தப் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தாலும் விடை மாறவில்லை.

மாமா முதலில் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு காலை, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரைப் பார்த்து, "ஆளுன்னாதானே பேரு வேணும்? என்னைச் சரக்குன்னு எழுதிக்கய்யா. ஷீட்டு மேல ஒரு மூட்டையாப் படுத்துக்கிறேன்" என்றார்.

"சரக்கு பேசாது லா, பெருசு. நீங்க சிரம்பான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தத் துப்பாக்கிக்காரனுக்கே கதை சொல்லித் தூங்க வச்சிருவீங்க" என்று மண்டோர் சிரித்தார். சிரித்தாலும் அவர்தான் ஒரு வழி சொன்னார். கண் டாக்டர் வரும் நாளன்று மாமா பெரட்டில் வந்து நிற்க வேண்டும். விடியுமுன் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, புல் வெட்டும் கூட்டத்தில் அவர் பெயரையும் மண்டோர் சேர்த்துக் கூப்பிடுவார். பெயர் ஏறிவிட்டால் அன்றைக்கு அவர் வேலையாள்; டிரசர் சீட்டுக் கொடுக்கலாம், லாரியில் ஏறலாம்.

மாமா அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "என்ன பெருசு, பொண்ணு பார்க்கவா?" என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "பொண்ணு பார்க்கத்தான். முதல்ல கண்ணைத் தரட்டும்" என்றார் மாமா. பெயர் கூப்பிட்டபோது, "இருக்கேன்!" என்று அவர் கொடுத்த குரலில் வரிசையே சிரித்தது. டிரசரும் சீட்டை எழுதிக் கொடுத்தார். நான் மாமாவின் கையைப் பிடித்து லாரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு காலைத் தூக்கி நான் கோத்துப் பிடித்த கைகளில் வைத்தும்விட்டார். அப்போதுதான் தோட்டத்துக் கணக்கும் பட்டியலும் பார்க்கும் பெரிய கிராணி அலுவலக வாசலிலிருந்து வந்தார்.

"பெரட்டுல நிக்கக் கண்ணு தெரியுது, லாரிக்கு மட்டும் தெரியலையா? ஆஸ்பத்திரிக்குப் போறவன் எதுக்குப் பெரட்டுக்கு வர்றான்? பேரு குடுத்துட்டீல்ல, போய்ப் புல்லு வெட்டு."

"ஐயா, இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான் டாக்டர்" என்றேன்.

"வாத்தியாரே, நீங்க பள்ளிக்கூடத்தைப் பாருங்க."

மாமா என் கைகளிலிருந்து காலை இறக்கினார். லாரி போனது, அவரைத் தோள் பிடித்துப் புல் வெட்ட ரப்பர் மரங்களுக்குள் அழைத்துப் போனார்கள். சாயங்காலம் அவருடைய அறைக்குப் போனேன். விரல்களெல்லாம் கீறல். "தடவித் தடவித்தான் புடுங்கினேன், வாத்தியாரே. புல்லைவிடக் கன்னுதான் அதிகமா வந்திருக்கும். தொரை தோட்டத்தை நானே அழிச்சிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். அதுதான் அவர் சிரித்து நான் பார்த்த கடைசி முறை.

மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு மனு எழுதினேன். உதவி தேவைப்படுவோர் நேரில் வர வேண்டும் என்று ஒன்றுக்குப் பதில் வந்தது. மற்றதற்கு அதுவும் இல்லை. நேரில் வர முடிந்தால் நான் ஏன் எழுதுகிறேன்? அடுத்த முறை டாக்டர் வருவதற்குள் மாமாவுக்கு மண்டை பிளப்பதுபோல் வலி வந்தது. டிரசர் சொன்னபடியேதான் ஆனது. ஒரு கண் அப்படியே போயிற்று. பெரட்டில் மறுபடி அவர் பெயரைக் கூப்பிட மண்டோருக்குத் துணிவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் இன்னொன்றும் போயிற்று.

பிறகு அவர் இருந்த அறை தேவைப்பட்டது. வேலிக்குள் இடம் குறைவு. வேலை செய்யாத ஒருவருக்கு ஓர் அறையா என்று கேட்டார்கள். நான் வேறோர் ஆசிரியரோடு ஒரே அறையில் இருந்தேன். அங்கே அழைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன், மறுத்துவிட்டார்கள். முழுக் குருடர், ஆதரவற்றவர், முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று தோட்டமே அரசாங்கத்துக்கு எழுதியது. அதற்குப் பதில் உடனே வந்தது. பதில் மட்டுமா, வண்டியே வந்தது.

மெத்தை வைத்த இருக்கைகள் உள்ள வேன்; அதற்கென்றே முன்னால் ஒரு காவல் ஜீப். லயத்து வாசல்வரை வந்து நின்றது. முள்கம்பி வேலியின் கதவில் யாரும் அதைச் சோதிக்கவில்லை. இளம் பணியாளர் ஒருவர் இறங்கி, மரப்படி ஒன்றை எடுத்துப் போட்டு, "அய்யா, மெதுவா. இங்க ஒரு படி இருக்கு, காலை வைங்க" என்று தாங்கிப் பிடித்தார். மாமா ஏறி உட்கார்ந்து, இருக்கையைத் தடவிப் பார்த்தார். பக்கத்து இருக்கையையும் தடவினார். அது காலியாக இருந்தது.

"எத்தனை சீட்டு இருக்கு, வாத்தியாரே?"

"எட்டு, மாமா."

"நான் ஒருத்தன்தானா?"

"ஆமாம், மாமா."

 மாமா பணியாளர் பக்கம் முகத்தைத் திருப்பினார். "தம்பி, இம்புட்டு நல்ல வண்டி இத்தனை நாளா எங்க இருந்துச்சு?"

அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? "சிரம்பான்லதான் அய்யா. ஆபீஸ் பக்கத்துலயே நிக்கும்" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினான்.

மாமா இரண்டு வருஷம் முதியோர் இல்லத்தில் இருந்து அங்கேயே இறந்தார். இப்போது எனக்கும் இரண்டு கண்களிலும் புரை எடுத்தாயிற்று. காலையில் போனேன், மாலையில் வீடு திரும்பினேன். எங்கள் வட்டாரத்தில் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி விடுகிறார்கள். போன் செய்தால் வாசலுக்கே வருகிறது. கூட வருகிறவர்களுக்கு அதில் பெருமை. "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது லா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அந்தக் காலத்திலும் இருந்தது. எட்டு இருக்கையும் காலியாக, அலுவலகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.