பாஸ்குவாலின் இரண்டாவது டப்பா

லரேடோ நகரத்துப் பள்ளிக்கூடமொன்றின் உணவுக்கூடத்தில் பாஸ்குவால் பரிமாறிய காலம் முழுவதும், அவர் முன்னால் நின்ற வரிசையே நீளமானதாக இருந்தது. பக்கத்து மேசையில் ஆளே இருக்காது. அங்கும் அதே சோறு, அதே பயற்றங்குழம்புதான். ஆனாலும் பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு பாஸ்குவாலிடமே வந்து நிற்பார்கள். தட்டில் ஒரு கரண்டி விழுந்ததும் அவர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். பிறகு, யாரோ தம்மைக் கட்டாயப்படுத்தியதுபோல் பெருமூச்சு விட்டு, இன்னொரு கரண்டி போடுவார்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு கரண்டிதான் பாஸ்குவால். எத்தனை தடவை சொல்றது?" என்பார் மேற்பார்வை பார்த்த அம்மாள்.

"ஒன்னுதாம்மா போட்டேன். கை நடுங்கிடுச்சு."

அந்தக் கை அவர் ஓய்வுபெற்ற நாள்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்று குழம்பு வாங்கித் தின்ற பிள்ளைகள் இன்று காவலர்களாகவும் தாதியராகவும் சரக்கு வண்டி ஓட்டுபவர்களாகவும் ஊரெங்கும் நிறைந்திருக்கிறார்கள். சாலைச் சந்திப்பில் அவருடைய கார் நின்றால், எந்த வண்டியின் கண்ணாடியாவது இறங்கி, "இன்னொரு கரண்டி!" என்று ஒரு குரல் எழும். அவரும் கையை வெளியே நீட்டி, கண்ணுக்குத் தெரியாத கரண்டியால் ஒருமுறை பரிமாறுவார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். தக்காளிச் செடிக்கு நீர் ஊற்றப் போனால் செடி மிதக்கும். அவர் வளர்த்த நாய், நாய்க்குரிய வடிவத்தையே இழந்து தலையணைபோல் ஆகியிருந்தது. காப்பியில் அவர் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் கரண்டி நட்டபடி நிற்கும் என்று தெருவில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவரை மணந்த எர்லிந்தாவோ மாவை நிறுத்துப் பாராமல் கிண்ணத்தில் கொட்டமாட்டார். 'ஒரு சிட்டிகை' என்று யாராவது பக்குவம் சொன்னால், "யார் விரலால ஒரு சிட்டிகை?" என்று கேட்பார். மூன்று வகைப் பாலில் ஊறிய அவருடைய கேக்குக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு. பால் ஒரு சொட்டுக் கூடினால் கேக்கு உட்கார்ந்துவிடும். குறைந்தால் தொண்டையில் அடைக்கும். அவர் கைக்கு அது எப்போதும் சரியாகவே வந்தது, சென்ற கோடைவரை.

சென்ற கோடையில், தங்கை மகளின் திருமணத்துக்குக் கொண்டுபோன கேக்கு காரிலேயே சரிந்துவிட்டது. காரின் ஏசி அப்போதே சோர்ந்திருந்தது. "ஜன்னலைத் திறந்தா காத்து வரும், கிழவி" என்று பாஸ்குவால் சொல்லியிருந்தார். காற்று வந்தது, சூளைக்காற்று. கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலடுக்கு கீழடுக்கின் தோளில் தலைசாய்த்துக் கிடந்தது. எர்லிந்தா யாரையும் குறை சொல்லவில்லை. கிண்ணங்களில் அள்ளிப் பரிமாறினார். எல்லாருடனும் சிரித்துப் பேசினார். வீடு திரும்பியதும் கேக்குத் தட்டுகளையெல்லாம் கழுவித் துடைத்து, கொல்லைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதன்பின் அவர் அடுப்பு மூட்டியது சமையலுக்கு மட்டுமே.

இந்த ஆண்டு, கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ராமீரோவின் மகள் இத்சேலுக்குப் பதினைந்து வயது நிறைந்தது. பதினைந்தாம் பிறந்தநாளில் கோயிலில் பூசையும் கூடத்தில் விருந்தும் நடக்கும். உடை ஒருவர், மோதிரம் ஒருவர், இசை ஒருவர் என்று ஞானப் பெற்றோர் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வார்கள். இத்சேலைத் திருமுழுக்கில் ஏந்தியவர்கள் பாஸ்குவாலும் எர்லிந்தாவும். அன்றிலிருந்து ராமீரோவும் பாஸ்குவாலும், வயதில் தந்தை மகன் போன்றவர்களாக இருந்தும், ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றே அழைப்பார்கள். அது பிள்ளையின் தகப்பனுக்கும் ஞானத்தகப்பனுக்கும் உரிய உறவுச்சொல்.

இத்சேலே நேரில் வந்து கேட்டாள். "ஞானம்மா, கேக்கு உங்க கையாலதான் வேணும். கடையில வாங்கினா நான் வெட்டமாட்டேன்."

எர்லிந்தா கொல்லைக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். அந்தச் 'சரி'யின் எடை பாஸ்குவாலுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கேக்கும் சரிந்தால் அந்தத் தட்டுகள் கொட்டகையிலிருந்து மீளவே மாட்டா.

"நீ கவலைப்படாத கிழவி. காரை ஐஸ் பெட்டி மாதிரி ஆக்கிடறேன்."

விழா, ஆற்றோரச் சாலையில் முக்கால் மணி நேரப் பயணத்தில் உள்ள சிற்றூரில். நண்பகலில் புறப்பட வேண்டும். காலையிலேயே வெயில் நூறு பாரன்ஹீட்டைத் தொட்டிருந்தது. பாஸ்குவால் உதிரிபாகக் கடைக்குப் போய், கார் ஏசிக்கு ஏற்றும், குழாயும் மீட்டரும் வைத்த கேஸ் டப்பா ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொரு டப்பாவையும் எடுத்தார்.

கல்லாவில் இருந்த பெண் சிரித்தாள். "ஐயா, எனக்கு நீங்க ரெண்டு கரண்டி போட்டவர்தான். ஆனா இதுக்கு ஒன்னு போதும். முள்ளு பச்சையில வந்ததும் நிறுத்திடணும்."

"சும்மா ஒரு துணைக்கும்மா. ஒத்தையா எதுக்கு?"

மெஸ்கீட் மரத்து நிழலில் காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்தார். பானட்டைத் திறந்து, ஏசியின் கேஸ் ஏற்றும் வாயில் குழாயைப் பொருத்தினார். தவறான வாயில் அது பொருந்தவே பொருந்தாது. டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிப் பிடித்தார். உள்ளே திரவம் குளுகுளுவென்று இறங்க, டப்பா கையில் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. அதுவரை டக், டக் என்று விட்டுவிட்டு ஓடிய கம்ப்ரஸர், மெல்ல மெல்ல ஒரே சீராக ஓடத் தொடங்கியது. மீட்டர் முள் ஏறிவந்து பச்சைக்கு நடுவில் அமைதியாக நின்றது.

பாஸ்குவால் காருக்குள் உட்கார்ந்து முகத்தைக் காட்டினார். குளிர்ந்த காற்று! மார்கழி அதிகாலைபோல இருந்தது. நாயைத் தூக்கி மடியில் வைத்து அதற்கும் காட்டினார்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர் கண்ணில் அடுக்களைச் சன்னல் பட்டது. அதற்கு அப்பால் எர்லிந்தா மூன்றாம் அடுக்கைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வைக்கிறார் என்பது தோள்களிலிருந்தே தெரிந்தது. இவ்வளவு பாடுபடுகிறவளுக்கு வெறும் 'போதும்' என்கிற அளவா குளிர் கொடுப்பது? பச்சை நல்லதென்றால், பச்சையைக் கொஞ்சம் தாண்டினால் இன்னும் நல்லதாகத்தானே இருக்கும்? அவர் பெருமூச்சு விட்டார். இரண்டாவது டப்பாவைத் திறந்தார்.

முள் மஞ்சளுக்குப் போனது. பிறகு சிவப்புக்குப் போனது. டப்பாவில் மிச்சம் வைப்பானேன் என்று முழுவதையும் இறக்கி முடித்தார். அடுத்த கணம் கம்ப்ரஸர் டக்கென்று நின்றது. உள்ளே போய்க் கையை நீட்டினார். வந்த காற்று, நாயின் மூச்சைப்போல் வெதுவெதுப்பாக இருந்தது.

அணைத்தார், மறுபடி போட்டார். பானட்டைத் தட்டினார். செபமும் சொன்னார். கேஸ் ஏற்றிய வாயை அழுத்திக் கொஞ்சம் கேஸை வெளியே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் அது சட்டப்படி குற்றம்; தவிர, சீறிவரும் கேஸ் விரலை உறையவைத்துவிடும் என்று ராமீரோ ஒருமுறை எச்சரித்திருந்தான். குழாயைக் கழற்றிவிட்டு, மரத்தடியில் சிறிது நேரம் நின்றார். நாயும் பக்கத்தில் நின்றது.

பிறகு அடுக்களைக்குப் போனார். மூன்று அடுக்குக் கேக்கு, இளஞ்சிவப்புக் கிரீமுடன், மணப்பெண்போல் மேசைமேல் நின்றது. எர்லிந்தா சர்க்கரைப் பூவொன்றை அதில் பதித்துக்கொண்டிருந்தார்.

"கையைக் கழுவிட்டு வா."

"கழுவிட்டேன்."

"அப்ப எதுக்குத் திருட்டுப் பூனை மாதிரி நிக்கிற? குளிரலையா?"

"குளிர்ந்துச்சு கிழவி. சத்தியமா நல்லாக் குளிர்ந்துச்சு."

"அப்புறம்?"

"இன்னும் கொஞ்சம் குளிரட்டுமேன்னு..."

எர்லிந்தா பூவைக் கீழே வைத்தார். கண்களை மூடினார். "ரெண்டாவது டப்பா."

"ரெண்டாவது டப்பா" என்று பாஸ்குவால் ஒப்புக்கொண்டார்.

எர்லிந்தாவின் பார்வை கேக்கின் மேலடுக்கில் நின்றது. அது சரிவதை அவர் இப்போதே காண்கிறார் என்று பாஸ்குவாலுக்குத் தோன்றியது.

"ஊர்ல எல்லா ஆம்பளையும் குறைச்சுக் கொடுத்துத் திட்டு வாங்குவான். எனக்குன்னு வந்து வாச்சது பாரு" என்றார் கடைசியில். "ராமீரோவைக் கூப்பிடு. அவன்கிட்டதான் கேஸை உறிஞ்சுற மெஷின் இருக்கு."

"இன்னிக்கா? அவன் பொண்ணுக்குத்தானே விழா!"

"அவன் பொண்ணோட கேக்குதானே இது? நீ ஊத்தினது, நீயே சொல்லு. நான் பேசமாட்டேன்."

ராமீரோ அப்போது முடிதிருத்தும் கடையில் இருந்தான்.

"கொம்பாத்ரே! பாதி தலைதான் ஆகியிருக்கு, சொல்லுங்க."

பாஸ்குவால் சொன்னார்.

"எத்தனை டப்பா போட்டீங்க?"

"ஒன்னு." சற்றுப் பொறுத்து, "அதுக்கப்புறம் இன்னொன்னு."

மறுமுனையில் கத்தரியின் ஓசை நின்றது. பிறகு ராமீரோ அந்தச் செய்தியைக் கடைக்கே ஒலிபரப்பினான் போலும், "இன்னொரு கரண்டி!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்து சிரித்தன. பாஸ்குவால் தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ஏசியைப் போடாம மெதுவா ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டு வாங்க. நான் அங்க இருக்கேன்."

அங்கே ராமீரோ விழாக் கோலத்தில் நின்றான். கறுப்புக் கால்சட்டை, முத்துப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை, கண்ணாடிபோல் மின்னும் காலணி. சட்டைமேல் கறை படாதிருக்க ஒரு குப்பைப் பையைக் கிழித்து மாட்டியிருந்தான். மெஷினின் குழாய்களைக் காரில் பொருத்தினான். அது முனகிக்கொண்டு உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் இழுக்கத் தொடங்கியது.

"இங்க பாருங்க" என்று பானட்டின் அடியில் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டினான். "இந்தக் காருக்கு இவ்வளவுதான்னு காரைச் செஞ்சவனே எழுதி வச்சிருக்கான். அதிகமாப் போனா அதுக்கு மூச்சு முட்டும். குறைச்சலா இருந்தாக்கூட ஏதோ கொஞ்சம் குளிரும்."

"எனக்குக் குறைச்சு வைக்க வரலையே, கொம்பாத்ரே."

"அது எனக்குத் தெரியாதா?" ராமீரோ தன் சட்டையின் வயிற்றுப் பகுதியைக் காட்டினான். அங்கே ஒரு பொத்தான் துளையைச் சேர மறுத்து நின்றது. "இது யார் செஞ்ச வேலைன்னு நினைக்கறீங்க? அஞ்சாம் வகுப்புலேயே ஆரம்பிச்சுட்டீங்க."

"நீ அப்ப ஈர்க்குச்சி மாதிரி இருப்ப."

"அதான். வீட்ல அப்பாவுக்கு வேலை போன வருஷம்." அவன் மெஷினின் எண்களைப் பார்த்தபடியே சொன்னான். "சரி, தள்ளி நில்லுங்க. சட்டையில கறை பட்டா என் பெண்டாட்டி என்னை உறிஞ்சி எடுத்துடுவா."

மெஷின், தாளில் இருந்த எடையளவு கேஸை நிறுத்து உள்ளே செலுத்தி ஓய்ந்தது. ராமீரோ ஏசியைப் போட்டான். கம்ப்ரஸர் ஒரே சீராக ஓடியது. பாஸ்குவால் கையை நீட்டிப் பார்த்தார். காலையில் முதல் டப்பாவுக்குப்பின் வந்த அதே குளிர். அதற்கு மேல் ஒரு துளியும் கூடவில்லை. கூடவும் தேவையில்லை.

நண்பகலில் புறப்பட்டார்கள். கேக்கு பின்புறத்தில், எர்லிந்தா அதன் அருகில். ஆற்றோரச் சாலையில் வெயில் நீர்போல் ஓடியது. காருக்குள்ளோ பாஸ்குவாலின் பற்கள் தந்தியடித்தன.

"கிழவி, கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா? காது மரத்துப்போச்சு."

"அந்தத் திருகுல கை வச்ச, கையை ஒடிப்பேன். உனக்கு இன்னும் கொஞ்சம் குளிர் வேணும்னுதானே கேட்ட? அனுபவி."

சாலையில் ஒரு பள்ளம் வந்தது. பாஸ்குவால் கண்ணாடியில் பார்த்தார். எர்லிந்தா கேக்கைப் பிடிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தார். கேக்கு அசையவில்லை. சர்க்கரைப் பூக்களில் ஒன்றுகூட உதிரவில்லை. பள்ளத்தைக் கடந்தபின் எர்லிந்தா பின்புறமிருந்து கையை நீட்டி, தம் சால்வையைக் கணவரின் தோளில் போட்டார்.

விருந்தில் இத்சேல் கேக்கை வெட்டினாள். துண்டு நிமிர்ந்து நின்றது. பரிமாறும் வேலை பாஸ்குவாலுடையது. எர்லிந்தா பக்கத்திலேயே நின்று காவல் காத்தார். கால்வாசிக் கூடம்வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு தட்டுடன் வந்தவன் ராமீரோ. பாஸ்குவால் அவனுக்கொரு துண்டு வைத்தார். முகத்தைப் பார்த்தார். அவருடைய பெருமூச்சு எர்லிந்தாவுக்குக் கேட்டது.

"வையேன்" என்றார் அவர். "இதுக்கென்ன மீட்டரா இருக்கு?"

அடுத்த வாரம், எர்லிந்தா கொட்டகைக்குப் போய் மிச்சமிருந்த கேக்குத் தட்டுகளையும் எடுத்துவந்தார். அடுக்களைச் சுவரில் மாட்டுவதற்கு ஓர் ஆணி அடித்துத் தரும்படி கணவரிடம் சொல்லிவிட்டு, மாவு நிறுக்கப் போனார்.

திரும்பி வந்தபோது சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. எர்லிந்தா ஒன்றில் தட்டுகளை மாட்டினார். மற்றொன்றைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தம் சமையல் ஏப்ரனைக் கழற்றி அதில் மாட்டினார்.