மூன்றாம் தளத்தில் விடுபட்ட ஆள்

ரொறன்ரோவில் காலைப் பத்திரிகையைத் திறந்தால், நேற்று யார் என்ன பிழை விட்டார் என்பதைப் பெயரோடு அச்சிட்டிருக்கிறார்கள். அரசியல்வாதிகளின் பிழையை அல்ல. பேஸ்போல் விளையாடியவர்களின் பிழையை. விளையாட்டுப் பக்கத்து மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல ஓர் அட்டவணை. யார் அடித்தார், யார் ஓடிவந்து சேர்ந்தார் என்ற விபரங்களுக்குக் கீழே ‘பிழைகள்’ என்றொரு வரி, அதில் ஆளின் பெயர். வன்னியில் ஓர் அரச கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இது பெரிய அநாகரிகமாகப் பட்டது. எங்கள் கந்தோரில் கோப்பு தொலைந்தால் ‘கோப்பு காணக்கிடைக்கவில்லை’ என்று எழுதுவோம். தொலைத்தவர் அதற்குள் பதவி உயர்வில் போயிருப்பார்.

இதைப் பக்கத்து வீட்டு வோல்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், பிளாஸ்ரிக் உறையில் போட்ட பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஐம்பதுகளில் ஒரு சின்ன நகரத்துத் தொழில்முறை அணியில், காயப்பட்ட ஒருவருக்குப் பதிலாக அவர் விளையாடிய ஆட்டம். வாழ்க்கையில் அந்த ஒரேயோர் ஆட்டம்தான். பிழை வரியில் அவர் பெயர் மட்டும் தனியாக நின்றது.

“பந்து என் கால்களுக்கு நடுவால் போனது உண்மை. ஆனால் கல்லில் பட்டுத் திரும்பியது,” என்றார்.

“கல்லை வேறு யாராவது பார்த்தார்களா?”

“நான் பார்த்தேன்.”

“மேன்முறையீடு செய்தீர்களா? உங்கள் திணைக்களத் தலைவர் யார்?”

“நான் இரண்டாம் தளத்தில், இரண்டாவது பேஸில், காவல் நின்றேன்,” என்றார் வோல்டர்.

தான் தொழில்முறை வீரன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறாராம். அவள் நம்பவில்லை. இந்தத் துண்டைக் காட்டினால் நம்புவாள், ஆனால் பிழையையும் பார்ப்பாள். அந்த வரியிலிருந்து பெயரை எடுப்பித்த பிறகுதான் காட்டுவது என்று இத்தனை வருடமாக வைத்திருக்கிறார். நான் துண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

“இஞ்சையும் உங்களுக்கொரு ஃபைல் கிடைச்சிட்டுதே,” என்றா மனைவி. “இனிச் சாப்பாடும் வேண்டாம்.”

எனக்கு ஸ்கோர் எழுதிய அனுபவமும் உண்டு. போர்க்காலத்தில் ஒருநாள், எங்களூர்க் கண்டாவளை அணிக்கும் பூநகரி அணிக்கும் கிரிக்கெட். எங்கள் சின்னராசா மட்டையோடு நிற்கிறான். மலையகத்திலிருந்து வந்து எங்களூரில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. தலைக்கு மேலே பொம்பர் விமானம் இரைந்தது. நடுவர் உட்பட எல்லோரும் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தோம். பூநகரி விக்கெட் காப்பாளர் மட்டும், ஓடுகிற ஓட்டத்திலும் கடமை தவறாமல், பந்தால் விக்கெட்டைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார்.

“கிறீசை விட்டுப் போனவன். ரன் அவுட்,” என்றார் வெளியே வந்ததும்.

“அப்ப அம்பயர் எங்கையடா நிண்டவர்? என்ர மடியிலதானே இருந்தவர்!” என்றான் சின்னராசா.

நியாயம் கேட்டு என்னிடம் வந்தார்கள். பொம்பர் வந்தால் பந்து செத்தது என்றேன்.

“அது எந்தச் சட்டத்தில ஐயா கிடக்கு?” என்றார் காப்பாளர்.

“இப்ப நான் எழுதினதில.”

‘நொட் அவுட்’ என்று பதிந்தேன். மிச்சத்தை அடுத்த ஞாயிறு ஆடுவதாக இருந்தது. அதற்கு முன் சண்டை நெருங்கி, ஊரே இடம்பெயர்ந்து உழவு இயந்திரத்தில் ஏறிவிட்டது. ஸ்கோர்ப் புத்தகம் எந்தப் பெட்டிக்குள் போனதென்று தெரியாது.

வோல்டரின் அட்டவணையை வரவு செலவு ஐந்தொகை பார்ப்பதுபோலக் கூட்டிப் பார்த்தேன். மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவனும் ஒன்றில் ஆட்டமிழக்க வேண்டும், அல்லது மூன்று தளங்களையும் சுற்றி ஓடி, ‘வீடு’ என்று இவர்கள் சொல்லும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும், அல்லது நடுவழியில் ‘தளத்தில் விடப்பட்டோர்’ கணக்கில் நிற்க வேண்டும். நாலாவது கதி கிடையாது. எத்தனை தரம் கூட்டினாலும் வோல்டரின் அணியில் ஓர் ஆள் குறைந்தது.

அடுத்த நாள் சொன்னேன்: “கல்லைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. பிழை நிற்கும். ஆனால் உங்கள் பக்கத்தில் ஓர் ஆளைக் காணவில்லை. கடைசியாகத் தளத்தில் நின்றது யார்?”

அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். “மழை வந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். மூன்றாம் தளத்தில் நான் நின்றேன். இன்னும் ஓர் ஓட்டம், வீடு வந்து சேர்ந்திருப்பேன்.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “என்னை எண்ணவில்லையா?”

“எண்ணவில்லை.”

“பிழை கிடக்கட்டும். என்னை மூன்றாம் தளத்தில் போடு.”

அந்த அணி கலைந்து, சங்கமும் இல்லாமல் போனபின் மேன்முறையீட்டை யாருக்கு அனுப்புவது? ஆனால் திருத்தத்துக்கு ஒரு முறை இருக்கிறது. மேலே எழுதக்கூடாது, அழிக்கக்கூடாது. பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், திகதி. நான் ஒப்பமிட்டேன். சாட்சியாக வோல்டர் ஒப்பமிட்டார். அவருடைய வாசற்படியில் நின்றே மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். “வந்து பார். நான் மூன்றாம் தளத்தில் நிற்கிறேன்,” என்று சத்தமாகச் சொன்னார். பிழையைப் பற்றியும் சொன்னார், கல்லோடு.

எனக்குச் சின்னராசாவின் நினைவு வந்தது. அவனை இன்னும் யாரும் அவுட்டாக்கவில்லை. வேலிக்கு அங்காலிருந்து மனைவி கூப்பிட்டா:

“சோறு ஆறுது. வீட்டை வாறியளோ, இல்லையோ?”

எங்கள் வீட்டுக் கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் கிடந்தது. ‘வீடு’ என்ற சொல் காதில் விழுந்ததும் மனம் ஒருமுறை கண்டாவளைப் பக்கம் ஓடிப்போய், வழியில் எங்கோ நின்றுவிட்டது. ஒரு கால் வோல்டரின் படியில், மற்றது புல்லில். “வாறன்,” என்றேன். உடனே அசையவில்லை.