வைக்கோலில் வந்த சீனி

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். வைக்கோலைக் கரைப்பானில் ஊறவைத்து, பிறகு நொதி சேர்த்துச் சர்க்கரையாக்குவதுதான் என் ஆராய்ச்சி.

அந்த வருடம் மழையே இல்லை. வைக்கோல் எங்கும் கிடைக்காமல், சுந்தரபாண்டியத்தில் ஒற்றைப் பசு வைத்திருந்த மாரியம்மாளிடம் போய்க் கேட்டேன். அவர் தொழுவத்திலும் கொஞ்சம்தான் இருந்தது.

"படிக்கிற புள்ள ஆசையா கேக்குற. கொண்டு போய்யா," என்று ஒரு வைக்கோல் கட்டைத் தூக்கித் தந்தார்.

சில வாரங்களில் குடுவையில் சர்க்கரை உண்டாகிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் அவரிடம் சொல்ல ஓடினேன். தொழுவம் காலியாகக் கிடந்தது.

"பசு எங்கம்மா?"

"தீனி இல்லாம செத்துப்போச்சுய்யா. ஒனக்குச் சீனி வந்துச்சா?"

"வந்துச்சும்மா," என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.