குளித்துவிட்டுத்தான் தொட்டேன்

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவதைத் துட்டி கேட்பது என்போம். முப்பது வருடம் பஸ் ஓட்டினேன். போட்ட லீவில் பாதி துட்டிக்குத்தான் போயிருக்கும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள். துட்டிக்குப் போகாவிட்டால் உறவு அதோடு அறுந்தது. என் அண்ணன் இதில் கண்கொத்திப் பாம்பு. எவன் வந்தான், எவன் வரவில்லை என்று ஆறு மாதம் கழித்தும் சொல்வான்.

ரிட்டயர் ஆன பிறகு இன்னும் மோசம். சும்மாதானே இருக்கிறான், வரட்டும் என்று ஆகிவிட்டது. அம்பாசமுத்திரமோ திசையன்விளையோ, எவர் மண்டையைப் போட்டாலும் எனக்குப் போன் வரும். நானும் போனேன். பாசத்தால் போகவில்லை. நாளைக்கு என் வீட்டில் ஒன்று நடந்தால் தூக்குவதற்கு நாலு பேர் வராமல் போய்விடுவார்களோ என்கிற பயத்தால் போனேன்.

பாளையங்கோட்டையில் நானும் என் மனைவியும் மட்டும்தான் இருக்கிறோம். மகள் புனேயில். மனைவிக்குச் சர்க்கரை. காலையும் இரவும் ஊசி போட வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். உடனே ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

அன்று காலை அண்ணன் போன் செய்தான். களக்காட்டில் மதினியின் சித்தப்பா இறந்துவிட்டார். அந்த ஆளை நான் வாழ்க்கையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் என்னைப் பார்த்து, “நீ யாரு?” என்று கேட்டவர்.

“ஏலே, பன்னெண்டு மணிக்கு எடுத்துருவாவ. அதுக்குள்ள வந்துரு. வரலைன்னா ஒம் மதினிக்கு நான் பதில் சொல்ல முடியாது.”

மனைவி ஊசி போட்டிருந்தாள். தட்டில் அரை இட்லி அப்படியே கிடந்தது. “கிறுகிறுன்னு வருது, பைய சாப்பிட்டுக்கிடுதேன்” என்றாள். நான் சட்டையை மாட்டாமல் நின்றேன். “நீங்க போயிட்டு வாங்க. போகலைன்னா மதினி வருசம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவா” என்றாள். அந்த அரை இட்லியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

துட்டி வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, போனைச் சத்தம் இல்லாமல் செய்து சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஒரு தடவை இப்படி ஒரு வீட்டில் என் போன் சினிமாப் பாட்டு பாடிவிட்டது. அண்ணன் அதை இன்னும் விடவில்லை. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசிக்கொண்டிருந்தோம். செத்தவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எடுத்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். துட்டி வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வழியில் நிற்கவும் கூடாது. நேரே வீடு, நேரே குளியல். அதனால் போனை எடுத்துப் பார்க்கவில்லை.

துட்டிக்குப் போய் வந்தால் நாங்கள் முன்வாசல் வழியாக உள்ளே போவதில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போய், தலையோடு தண்ணீர் ஊற்றி, கட்டியிருந்த துணியை அலசிப் போட்ட பிறகுதான் எதையும் தொடலாம். நான் போன் செய்யாவிட்டாலும் மனைவி நேரத்தைக் கணக்குப் பண்ணி வாளியில் தண்ணீரும் துண்டும் எடுத்து வைத்திருப்பாள். அன்று வாளி காலியாகக் கிடந்தது.

“ஏட்டி, தண்ணி எங்க? வெயில்ல வந்து நிக்கேன், காது அடைச்சுப் போச்சா?”

பதில் இல்லை. டிவி பார்க்கிறாள் என்று நினைத்தேன். திட்டிக்கொண்டே குழாயைத் திறந்தேன். வாளி நிறையும் வரை திட்டினேன். குளித்தேன். வேட்டியை அலசினேன், சட்டையை அலசினேன், பிழிந்து கொடியில் போட்டேன். கால் மணி நேரம் இருக்கும். பிறகு அடுப்படிக்குள் போனேன்.

ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. அதன் அடியில் அவள் கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரன் ஓடி வந்தான். அவன் கார் என் வாசலை மறைக்கிறது என்று ஆறு மாதமாக அவனோடு சண்டை. முகம் பார்த்துப் பேசுவதில்லை. நான் சீனித் தண்ணீரோடு நின்றேன். டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தான்.

“வாயில ஊத்தாதீங்க அண்ணாச்சி, புரை ஏறிரும். எங்கம்மைக்கும் இப்படித்தான் வரும். கால்ப்பக்கம் பிடிங்க. வண்டி வாசல்லதான் நிக்கி.”

ஆஸ்பத்திரியில் டாக்டர், “எவ்வளவு நேரமா மயக்கத்துல இருந்தாங்க?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பின்னால் போனைப் பார்த்தேன். மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். கடைசித் தடவை நான் நாங்குநேரியைத் தாண்டி வந்துகொண்டிருந்த நேரம். எத்தனை நிமிடம் கிடந்தாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அதில் கால் மணி நேரம் என்னுடையது என்று மட்டும் தெரியும்.

குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண்ணைத் திறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“குளிச்சிட்டுத்தானே என்னையத் தொட்டீங்க?”

“குளிச்சிட்டுத்தான்.”

“அதானே பார்த்தேன்” என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளிடம் இதுவரை அந்தக் கால் மணி நேரத்தைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். அண்ணன் திரும்பப் போன் செய்தான். திசையன்விளையில் அவன் சம்பந்தியின் தம்பி. நான் வரவில்லை என்றேன்.

“அவளுக்குத்தான் சரியாயிட்டே. இன்னும் என்ன?”

“தனியா விட்டுட்டு வர முடியாது, அண்ணே.”

“இப்படியே இருந்தீர்னா ஒரு நாள் ஒம்ம வீட்டுல ஒண்ணுன்னா எவன் வே வருவான்? நாலு பேரு வேண்டாமா?”

கோபம் வந்தால்தான் அவன் என்னை நீர் என்பான். முன்பு அந்தக் கேள்விக்கு நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இப்போதும் பயமாகத்தான் இருந்தது. அவன் சொல்வது நடக்கும். எனக்கு ஊரைத் தெரியும்.

“நீ வருவியா?” என்று கேட்டேன்.

“என்னலே கேள்வி இது?”

“நீ வந்தா போதும். மத்தவன் வரலைன்னா போறான்.”

போனை வைத்துவிட்டான். அவனுக்கு ஒன்று என்றால் போவேன். மகளுக்கு என்றால் போவேன். இன்னும் யார் என்று யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரனின் அம்மாவுக்கு என்றால் போவேன். அவன் கார் இன்னும் என் வாசலை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது. இப்போது அதைத் தள்ளி நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் ஆட்கள். நாலு பேர்கூடத் தேறாது.

பகலில் முன்னறையில் உட்கார்ந்து அடுப்படிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் உருளும், குழாய் ஓடும். திடீரென்று எல்லாம் நின்றுவிடும்.

“ஏட்டி.”

பதில் வருவதற்குள் எழுந்து நிற்பேன்.

“இங்கனதான் இருக்கேன். கீரை ஆயுதேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவீங்க?”

உட்கார்ந்துகொள்கிறேன். கால் மணி நேரம்கூட விடாமல் மறுபடியும் கூப்பிடுகிறேன்.