வாயில் வைக்கும் வண்ணங்கள்

ஆரணியில் பட்டுத் தறியின் பாவு இழைகளுக்குக் கஞ்சி போடும் தசரதனுக்கு, அறுபது வயதில் வாட்டர் கலர் செய்யும் பைத்தியம் பிடித்தது. காரணம், மனைவி செல்லம்மாளின் வலது கை. நாற்பது வருஷம் தறியில் ஓடிய கை அது. பக்கவாதம் வந்தபின், மடியில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

“பிரஷ் புடிச்சு கலர் அடிக்கட்டும்ங்க. விரல் வேலை செஞ்சாத்தான் கை வரும்” என்றாள் களம்பூரிலிருந்து பிசியோதெரபி செய்ய வரும் லிடியா.

தசரதன் அன்றைக்கே கடையில் கலர் டப்பா வாங்கினார். வந்தது வினை. அறுந்த இழையை எச்சில் தொட்டு முறுக்கிப் பிணைப்பது நெசவாளியின் பழக்கம். பழக்கதோஷம் லேசில் போகுமா? பிரஷ் முனை விரிந்தால் செல்லம்மாள் இடது கையால் அதை உருவி, உதட்டில் வைத்துக் கூராக்கி, மறுபடி வலது விரல்களுக்குள் செருகிக்கொள்வாள். நாக்கெல்லாம் நீலம்.

“கண்ட சாயத்த முழுங்கிகினு கீறியே, வயிறு இன்னாத்துக்கு ஆவும்?” என்று பதறிய தசரதன், தின்றாலும் கெடுதல் இல்லாத கலரைத் தாமே செய்யக் கிளம்பிவிட்டார்.

மஞ்சளை இழைத்தார். பீட்ரூட்டைப் பிழிந்து சுண்டவைத்தார். சங்குப்பூவில் நீலம் எடுத்தார். எல்லாவற்றையும் பட்டுத் துணியில் வடிகட்டி, கெட்டிப்பட எதைச் சேர்த்தார் தெரியுமா? கஞ்சி! பட்டு இழையையே கட்டி நிறுத்தும் கஞ்சிக்கு இந்தக் கலர் எம்மாத்திரம் என்று நினைப்பு. மூன்றாம் நாள் பூசணம் பூத்து வீடே நாறியது.

நாட்டு மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். “கஞ்சி புளிச்சுப்பூடும்யா. கருவேலம்பிசின ஊறவை. ரெண்டு சொட்டு தேன் வுடு, காஞ்சாலும் வெடிக்காது.”

பிசின் கைகொடுத்தது. பாட்டில் மூடிகளில் ஊற்றிக் காயவைத்த கலர்களால் செல்லம்மாள் பழைய காலண்டர் தாள்களின் பின்புறம், சேலையில் நெய்வதுபோலப் புட்டா புட்டாவாகப் பூ வரைந்தாள். ஆனால் தேன் இனித்ததில், முனை விரியாவிட்டாலும் பிரஷ் வாய்க்குப் போயிற்று. தாளில் ஏறியதைவிட வயிற்றில் இறங்கியது அதிகம். விரல்கள் அசைந்தனவே தவிர, கை மணிக்கட்டுக்கு மேல் அசையவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. தசரதனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஒருநாள் அவள் பார்டருக்குப் பச்சை கேட்டாள். இந்த பிரஷ் நக்கலுக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று வேப்பிலையை அரைத்துக் கலர் செய்து, ஒன்றும் தெரியாதவர்போல் எதிரே உட்கார்ந்தார்.

பிரஷ் உதட்டுக்குப் போய் வலது கைக்குத் திரும்பியது. அப்புறம்தான் கசப்பு ஏறியது. இடது கை தண்ணீர்ச் சொம்புக்குப் பாய்ந்தது.

“அடப்பாவி மனுசா!”

பிரஷ் பறந்து வந்து தசரதனின் வெள்ளை பனியனில் பச்சையாக அடித்தது.

எறிந்தது எந்தக் கை என்று அவர் கண்ணாரப் பார்த்தார். எழுந்துபோய் அந்த வலது விரல்களுக்குள்ளேயே பிரஷை மறுபடி வைத்தார்.

“இன்னொரு தபா எறிடி, செல்லா.”

“கிறுக்கு புடிச்சுகிச்சா உனக்கு?” என்றவள், தோள் உயரத்துக்கு எழும்பி நின்ற தன் கையை அப்போதுதான் பார்த்தாள். வாய் கசந்துகொண்டே இருக்க, அழுகையும் சிரிப்புமாக எறிந்தாள்.

தசரதன் விலகவே இல்லை.