விறைப்பு சாரின் நிலவரம்

அத்தான் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வுக்குப் பின் ஏழு வருடமாகப் பள்ளி மாணவர் படைக்குப் பயிற்சி தருகிறார். பிள்ளைகள் வைத்த பெயர் விறைப்பு சார். அவருக்குப் பல்வலி வந்தால்கூட அது நிமிர்ந்து நின்றுதான் வலிக்கும் என்பாள் அக்கா.

வருடத்துக்குப் பத்து மாதம்தான் சம்பளம். விடுமுறையில் வெறுங்கை. வங்கியில் காவலர் வேலை ஒன்று வந்தது. "ஒரு முடிவு சொல்லுங்க" என்று ஒரு வாரமாக அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டார்.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. அதன்படி, பயிற்சியாளர்களின் சம்பளம் போதுமா, ஆள் ஏன் கிடைப்பதில்லை என்று ஆராய ஒரு குழு. எங்கள் வட்டாரத்திலிருந்து அழைத்தது அத்தானை மட்டும்தான். அழைப்பதற்கு வேறு ஆளில்லை.

"வாயைத் திறந்து சொல்லுங்க. இல்லேன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றாள் அக்கா.

"சரி."

"இது சொல்ற சரியா, இல்ல வழக்கமான சரியா?"

குழு கூடிய அறையில் நீள மேசை. நடுவில் ஓய்வுபெற்ற கர்னல், பக்கத்தில் சட்டமன்ற உறுப்பினர் அம்மா. நானும் அக்காவும் பின்வரிசையில். அத்தானுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

கர்னல் தாளைப் பார்த்தபடியே, அணிவகுப்பில் கேட்கும் குரலில் கேட்டார்.

"குறை ஏதாவது உண்டா?"

"இல்லை சார்!"

குதிகால்கள் ஒட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. அந்தக் கேள்விக்கு ராணுவத்தில் அவர் கொடுத்துப் பழகிய ஒரே பதில். ஓரத்தில் இருந்த எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். கர்னல் அடுத்த தாளை எடுத்தார்.

"பாவி மனுஷா" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. எழுந்து ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். கால் நாற்காலிக்கடியிலேயே இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் உறுப்பினர் அம்மா. "உங்க குறையை விடுங்க. நாளைக்கு உங்க இடத்துக்கு ஒருத்தர் வர்றார். பொறுப்பை ஒப்படைக்கும்போது அவர்கிட்ட என்ன சொல்வீங்க?"

அத்தான் கர்னலைப் பார்த்தார். "நிலவரம் சொல்லலாமா சார்?"

கர்னல் தலையசைத்தார்.

"வட்டாரத்துல நாலு பள்ளிக்கூடம் சார். மூணுல ரெண்டு வருஷமா ஆள் இல்லை. அஞ்சு தடவை விளம்பரம் போட்டாச்சு. வந்தவங்க மூணு பேர். பத்து மாசச் சம்பளம்னதும் திரும்பிப் போனவங்களும் மூணு பேர். நாலு இடத்தையும் ஒரே ஆள் பஸ்ல போய்ப் பார்க்குறார். பஸ் செலவு அவரோடது. பிள்ளைங்க நூத்து நாப்பது. சீருடை அறுபது."

மூச்சு விடாமல் வந்தது. எழுத்தரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?" என்றார் கர்னல்.

"முதல்ல குறை கேட்டீங்க சார். இது நிலவரம்."

யாரோ சிரித்தார்கள். கர்னல் சிரிக்கவில்லை. "அவ்வளவுதானே?"

"ஒண்ணு பாக்கி சார். வர்ற ஒண்ணாம் தேதியிலேர்ந்து நாலாவது பள்ளிக்கூடத்துலயும் ஆள் இல்லை."

"அங்க இப்ப யாரு?"

"நான்தான் சார். பேங்க் காவலுக்குப் போறேன்."

அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரு வாரமா நான் கேட்டப்ப சொல்லலை. இப்போ இதை யாருடா கேட்டா?" என்றாள் என்னிடம்.