சூளையைக் குளிர வைத்தவன்

படிப்பில் எப்படியோ, பொறாமைப்படுவதில் நான் சின்ன வயதிலேயே தேர்ந்தவன். ஆறாவது முடிந்த லீவில் பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலத்துக்கு, மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குச் சிக்கியவள் மாமா மகள். என்னைவிட ஒரு வயது சின்னவள்.

மாமா பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருந்தார். சூளை எண்ணெயில் எரியும். பொம்மைகள் வெந்ததும் எண்ணெய்க் குழாயின் திருகை மூடி நெருப்பை நிறுத்த வேண்டும். அதை வீட்டுப் பிள்ளைதான் செய்ய வேண்டும் என்பது மாமாவின் வழக்கம். அந்த வீட்டில் ஒரே பிள்ளை அவள். பட்டுப் பாவாடையும் நெற்றியில் விபூதியுமாக அவள் வந்தால் பட்டறை ஆட்கள் ஒதுங்கி வழி விடுவார்கள், பாலம் திறக்கக் கலெக்டர் வந்ததுபோல.

எனக்குத் தாங்கவில்லை. "மாமா, நான் அணைக்கிறேன்" என்று முந்திக்கொண்டேன்.

மாமா பாய்ந்து வாயைப் பொத்தினார். என் வாயைத்தான்.

"மாப்ள, சூளைகிட்ட நின்னுக்கிட்டு அந்த வார்த்தைய சொல்லலாமா? விளக்குன்னா மலையேத்தணும், சூளைன்னா குளிர வைக்கணும்."

"குளிர வைக்கட்டாப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் திருகை மூடினாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்ன திமிர்!

ஊருக்குத் திரும்பி வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்தேன். "ஃபேன நிறுத்துடா" என்று அம்மா சொன்னால், "குளிர வச்சிட்டேம்மா" என்பேன்.

"ஃபேன எதுக்குடா குளிர வைக்கிற? உன் மாமன் வூட்ல என்னத்தடா தின்ன?" என்றாள் அம்மா.

அடுத்த லீவில், சூளைக்கு முன்னால் கைகட்டி நின்று, "குளிர வைக்கட்டுங்களா மாமா?" என்றேன். மாமாவுக்கு முகமெல்லாம் பல். "வா மாப்ள, நீயும் வூட்டுப் புள்ளதான்."

திருகை மூடிவிட்டு, அவள் முகம் வாடுவதைப் பார்க்கத் திரும்பினேன். ஆளைக் காணோம். வெளியே வேப்பமரத்தடியில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, நான்தான் வச்சேன்!"

"இனிமே நீயே வை. சூளைய பிரிக்கிறப்ப பொம்ம வெடிச்சிருந்தா, வச்ச கை சரியில்லன்னுவாங்க. போன தடவ எங்கப்பா எங்கிட்ட மொகம் குடுத்தே பேசல."

"பொறாம புடிச்சவளே!" என்றேன்.

அன்று அவள் இரண்டு தோசை கூடுதலாகவே கேட்டு வாங்கித் தின்றாள். எல்லாருக்கும் முன்னால் படுத்துத் தூங்கியும் போனாள். தோற்ற வயிற்றெரிச்சலைத் தோசை போட்டு அடக்குகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.